ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே

சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் போய்ப் பங்கஜம் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நன்றாகப் பாடுகிற மாமி வீடு என்று கேட்டுப் பாருங்கள், இஸ்திரி வண்டிக்காரர்கூட இரண்டாம் மாடியைக் காட்டுவார். பேர் இல்லாமல் பாட்டு மட்டும் தெருவில் உலாவுவது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

பிறந்தது திருவல்லிக்கேணி. எட்டு வயதில் பாட்டு ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு நாள் விடாமல் கற்றுக்கொண்டாள். இருபத்தொன்றில் தி.நகரில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, இருபத்துமூன்றில் கல்யாணம். அதற்கப்புறம் பாட்டு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. ஊஞ்சலுக்குப் பங்கஜத்தைக் கூப்பிடு, வளைகாப்புக்குப் பங்கஜத்தைக் கூப்பிடு என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆபீஸில் யார் ஓய்வு பெற்றாலும் கடவுள் வாழ்த்து அவள்தான். மேடை என்று அவள் கண்டது அந்த இரண்டு நிமிஷம். பாடி முடித்துக் கண்ணைத் திறப்பதற்குள் மைக்கை யாராவது தங்கள் பக்கம் வளைத்திருப்பார்கள்.

காது மட்டும் அவளுக்குத் தனிக் காது. மிக்ஸி ஓடும்போது கூடத்திலிருந்தே, "ஜார்ல தண்ணி போறல, மூணு கட்டையில திணறறது பாருங்கோ" என்பாள். போய்ப் பார்த்தால் சட்னி கெட்டியாக நின்றிருக்கும். ஐந்து கட்டை அவள் சுருதி. சுருதிப்பெட்டி இல்லாமல் வாயைத் திறந்தாலும் ஐந்து கட்டையில்தான் வந்து உட்காருவாள், தன் வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி.

அவள் வீட்டுக்காரர் வெங்கடரமணன் வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். ஊர் ஊராகப் போய்க் கிளைகளில் தப்பு கண்டுபிடிப்பது உத்தியோகம். முப்பத்திரண்டு வருஷம் தப்பு கண்டுபிடித்த கண்ணும் காதும் ஓய்வு பெற்ற மறுநாளே சும்மா இருக்குமா? அவருக்குப் பாடத் தெரியாது. கேட்கத் தெரியும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவை மூடுகிறார்கள் என்று எப்படியோ மோப்பம் பிடித்துப் போய், இரண்டு கறுப்புப் பெட்டிகளை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இது சாதாரண ஸ்பீக்கர் இல்ல, பங்கஜம். ஸ்டுடியோ மானிட்டர். கடையில விக்கற ஸ்பீக்கரெல்லாம் முகஸ்துதி பண்ணும். இருக்கறத விட நன்னா காட்டும். இது அப்படியில்ல, ரிப்போர்ட் எழுதும். உள்ளது உள்ளபடி."

"ஆத்துல ரிப்போர்ட் எழுத நீங்க ஒருத்தர் போறாதா?"

அவர் காதில் விழவில்லை. அன்றிலிருந்து கூடம் அவளுடையதாக இல்லை. இரண்டு பெட்டியும் உட்காருகிறவர் காது உயரத்தில் இருக்கவேண்டுமாம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நாற்காலி இருக்கவேண்டுமாம். சோபா பால்கனிப் பக்கம் ஓரங்கட்டப்பட்டது. தரையில் நாற்காலியின் நாலு காலுக்கும் நாலு வெள்ளை டேப். துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனால், "டேப்பு, டேப்பு" என்று பதறுவார். அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பாட்டு பாட்டாகக் கேட்கும் என்றார். ஒருத்தர் மட்டும் கேட்கிற பாட்டு என்ன பாட்டோ! சமையற்கட்டில் நின்று கேட்டால் யாரோ பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது.

மேல் வீட்டில் கைக்குழந்தை. சத்தமாக வைக்க முடியாது. பெட்டியின் பின்னால் இருந்த திருகை முழுசாகத் திருகிவிட்டு, போனில் சத்தத்தைத் தாழ்த்தி வைத்துக் கேட்பார். அதுதான் சரியான முறை என்று அவரே ஒரு முறை வைத்துக்கொண்டார்.

சந்தோஷமாகக் கேட்டாரா என்றால், அதுதான் இல்லை. ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பழைய கச்சேரிப் பதிவுகள் ஒவ்வொன்றாக அவருக்குப் பிடிக்காமல் போயின. இதில் இரைச்சல், அதில் யாரோ இருமுகிறார்கள், இன்னொன்றில் மிருதங்கக்காரர் நகர்ந்து உட்காரும் சத்தம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பத்து நாளில் பெரிய பெரிய வித்வான்களுக்கெல்லாம் சுருதி சேரவில்லை என்று தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"இத்தனை வருஷமா நம்மள ஏமாத்திண்டிருந்திருக்கா, பங்கஜம். இந்த ஸ்பீக்கர் வந்தப்புறம்தான் வண்டவாளம் தெரியறது."

"அவா அத்தனை பேரும் தப்பு, உங்க பெட்டி மட்டும் சரியா?"

"பெட்டி பொய் சொல்லாது."

அந்த இடத்தில் அவள் நின்று யோசித்திருக்கவேண்டும். அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது, போய்விட்டாள். பிற்பாடு எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாள் என்று கணக்கே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கிச்சா மாமா போன் செய்தார். பஜனை மடத்து ஹாலில் ஒரு சின்ன சபா நடத்துகிறவர். ஒரு வளைகாப்பில் அவள் பாடியதைக் கேட்டிருக்கிறார்.

"மாமி, மார்கழில, டிசம்பர் இருபத்துமூணு, மத்தியானம் ஒண்ணரை மணி ஸ்லாட் ஒண்ணு காலியா இருக்கு. ஒண்ணேகால் மணி நேரக் கச்சேரி, பக்கவாத்தியம் நாங்க பாத்துக்கறோம். கமிட்டிக்கு ஒரு இருபது நிமிஷம் பாடி அனுப்பிடுங்கோ, போன்ல ரெக்கார்ட் பண்ணினாலே போதும். புதன்கிழமை சாயங்காலம் கடைசி."

ஐம்பத்தொன்பது வயது. கடவுள் வாழ்த்து இல்லை, ஊஞ்சல் இல்லை. ஒண்ணேகால் மணி நேரம், மைக்கை யாரும் வளைக்காத ஒண்ணேகால் மணி நேரம். போனை வைத்துவிட்டுப் பங்கஜம் அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தம்புரா மாதிரி ஒலிக்கிற சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து, போனில் பதிவு செய்தாள். சஹானா. ஆலாபனை, ஒரு கீர்த்தனை, கொஞ்சம் ஸ்வரம். போனைக் காதில் வைத்துக் கேட்டாள். இவ்வளவு நன்றாகவா பாடுகிறோம் என்று இருந்தது. அப்படியே அனுப்பியிருக்கலாம். விதி, அவரிடம் போய்க் காட்டினாள்.

வெங்கடரமணன் அதைத் தன் பெட்டியில் போட்டு, டேப்புக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். ஒரு நிமிஷம் ஆவதற்குள் முகம் சுளித்தது.

"இறங்கறது."

"என்ன இறங்கறது?"

"சுருதி. தம்புராவுக்குக் கீழ நிக்கறே. ஒரு நூல். வா, நீயே உக்காந்து கேளு."

உட்கார்ந்து கேட்டாள். அவர் சொன்னது நிஜம். தம்புரா ஓரிடத்தில் நிற்கிறது, அவள் குரல் அதற்குக் கீழே ஒட்டாமல் நிற்கிறது. அரை டம்ளர் காபியில் பால் திரிந்தது போல இருந்தது.

"போன்ல கேட்டேனே, நன்னா இருந்ததே?"

"போன் முகஸ்துதி. சொன்னேனோல்லியோ?"

மறுபடி பாடினாள். சனிக்கிழமை இரண்டு தடவை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை. படுக்கையறையில் சரியாக இருப்பது கூடத்துக்கு வந்தால் இறங்கிவிடுகிறது. கட்டையைக் குறைக்கலாமா என்றுகூட யோசித்து நாலரையில் பாடினால், அது இன்னும் கர்ணகடூரமாகக் கேட்டது. வயசாகிவிட்டது, காது போய்விட்டது என்று அவளுக்கு உள்ளே சில்லிட்டது. பாட்டு போனால்கூடத் தாங்கலாம். காது போனால்? அவளிடம் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதானே!

திங்கட்கிழமை பழைய ஆபீஸ் சிநேகிதி லூயிசாவுக்குப் போன் போட்டாள். லூயிசா சாந்தோமில் இருக்கிறாள். முப்பது வருஷமாகக் கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். பங்கஜத்தோடு ஒரே மேஜையில் சாப்பாட்டு டப்பா திறந்தவள்.

"மானிட்டரா?" என்று சிரித்தாள் லூயிசா. "எங்க ஸ்கூல்ல மானிட்டர்னு ஒருத்தி இருப்பா. டீச்சர் அந்தாண்ட போனதும் பேசறவங்க பேர போர்டுல எழுதிடுவா. அவளுக்குப் புடிக்காதவங்க பேசலேன்னாலும் எழுதிடுவா. உன் பேர எழுதிடுச்சா?"

"விளையாடாதே லூயிசா. காதே போயிடுத்தோன்னு பயமா இருக்கு."

"அட, நீ சுருதி தப்புனா நாங்கெல்லாம் கடல்லதான் குதிக்கணும். அனுப்புடி பேசாம."

அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒருவர் காலையும் மாலையும் "பெட்டி பொய் சொல்லாது, பெட்டி பொய் சொல்லாது" என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தால், எப்பேர்ப்பட்ட பிடிவாதமும் ஆட்டம் காணும். செவ்வாய்க்கிழமை அவரே ஒரு வழி சொன்னார்.

"கூடத்துல உக்காந்து பாடு. ஸ்பீக்கர ஆன்ல வெச்சுக்கறேன். ஒவ்வொரு வரி பாடினதும் போட்டுக் காட்டறேன். கீழ இருந்தா கைய தூக்கறேன், நீ ஏத்திக்கோ."

அப்படியே நடந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஜமக்காளம் விரித்து, சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எதிரே நின்று போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி கையைத் தூக்கினார். அவள் ஏற்றினாள். இன்னும் தூக்கினார், இன்னும் ஏற்றினாள். தொண்டை நரம்பு புடைத்தது. உடம்பு முழுக்க இது தப்பு தப்பு என்று சொல்லிற்று, காலுக்குச் சேராத செருப்பில் நடக்கிற மாதிரி. ஆனால் அந்த இரண்டு பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டால், ஆமாம், அங்கேதான் சேர்கிறது. சுற்றிலும் கும்மென்று ஒரு ரீங்காரம், அதில் குரல் போய் ஒட்டிக்கொள்கிறது.

"இப்பதான் சேர்றது! இதான் சுருதி!" என்றார் அவர்.

"எனக்கு என்னமோ பிடிக்கலன்னா."

"உனக்குப் பிடிக்கறதா இல்லையாங்கறது இல்ல கேள்வி. உள்ளது என்னங்கறதுதான் கேள்வி."

முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் புடவைக் கலர் முதல் மாப்பிள்ளை பார்த்தது வரை ஒரு விஷயத்திலும் விட்டுக்கொடுக்காதவள், பாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுத்தாள். புதன்கிழமை மத்தியானம், அப்படி ஏற்றிப் பாடிய பதிவைக் கிச்சா மாமாவுக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பாடியது போனிலேயே கிடந்தது.

ஒன்பது நாள் கழித்துக் கிச்சா மாமா கூப்பிட்டார். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"மாமி, தப்பா எடுத்துக்கக் கூடாது. குரல் நன்னா இருக்கு, ஞானம் இருக்கு. ஆனா சுருதி ஒரு நூல் ஏறியே நிக்கறது. தம்புரா கீழ போறது, நீங்க மேல போறேள். கமிட்டில நாலு பேரும் அதையே சொன்னா. கொஞ்சம் சாதகம் பண்ணுங்கோ, அடுத்த வருஷம் பாப்போம்."

இறங்குகிறது என்று இல்லை. ஏறி நிற்கிறதாம்! பங்கஜத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் அழுகைகூட வரவில்லை. வெங்கடரமணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கமிட்டி எதுல கேட்டா? போன்லதானே? அதான் சொல்றேன்" என்று நாற்காலிக்குப் போய்விட்டார். பூரிக் கட்டை கைக்கு எட்டவில்லை, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

அடுத்த நாள் காலை லூயிசா ஆறுதல் சொல்ல வந்தாள். வெங்கடரமணன் அப்போதுதான் பாட்டை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். பங்கஜம் காபி கொண்டுவந்து கொடுத்து, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் லூயிசா கையை உயர்த்தினாள்.

"ஏய், இரு. முதல்ல அந்தத் தம்புராவ நிறுத்து. தலைக்குள்ள வண்டு கணக்கா கத்திக்கினே இருக்கு. அப்புறம் பேசு."

"தம்புராவா? சுருதிப்பெட்டி அலமாரிலன்னா இருக்கு."

"அப்ப இது இன்னா?"

இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பாட்டு நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. கூடத்தில் தம்புரா மட்டும் ஓயவில்லை. சா என்று அடியில் ஒன்று, அதன்மேல் மெல்லிசாகப் பா என்று ஒன்று, மறுபடி சா. இரண்டு கறுப்புப் பெட்டியிலிருந்தும் கும்மென்று வந்துகொண்டிருந்தது. யாரும் பாடாத வீட்டில் யாருக்கோ சுருதி போட்டுக்கொண்டிருந்தது.

பங்கஜம் எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கினாள். நின்றது. செருகினாள். வந்தது. அலமாரியிலிருந்து சுருதிப்பெட்டியை எடுத்து ஐந்து கட்டையில் வைத்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் சேராமல் ங்வாய் ங்வாய் என்று அலையடித்தது. கறுப்புப் பெட்டியில் இருந்து வந்தது ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே. சுருதிப்பெட்டியின் திருகை ஒரு மயிரிழை ஏற்றினாள். அலை அடங்கியது. அதே இடம். செவ்வாய்க்கிழமை கையைத் தூக்கித் தூக்கி அவளை ஏற்றிவிட்ட அதே இடம்.

மிக்ஸியின் கட்டை சொல்கிறவள், தன் தம்புராவுக்குள் இன்னொரு தம்புரா ஒளிந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கவில்லை. வேறு ஏதாவது சத்தமாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். சாவும் பாவுமாக இருந்ததால் சங்கீதம் என்று நினைத்துவிட்டாள். அந்தக் கோபம் வேறு.

"மானிட்டர் பொய்யா எழுதிடுச்சா பேர?" என்றாள் லூயிசா மெதுவாக. பங்கஜம் சிரிக்கவில்லை.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் பொன்ராஜ் வந்தார். டெஸ்டரும் பல்புமாகக் கூடத்துப் பிளக்பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தார்.

"சார், எர்த்தே இல்லியே. மூணாவது ஓட்டை சும்மா ஷோவுக்குக் கீது. உள்ள ஒயரே இய்க்கல. பழைய பில்டிங்குல பாதி வூடு இப்டித்தான்."

"அதனால சத்தம் வருமா?"

"பின்ன? கரண்டு சத்தம் சார் இது. இஸ்திரிப் பெட்டிக்கு வராது, இந்த மாரி பொட்டிக்கு வரும். பின்னால இதையும் ஃபுல்லா திருகி வுட்டுகினு கீறீங்க."

மெயின் போர்டிலிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்து வந்து சேர்த்து, பின்னால் இருந்த திருகைப் பாதிக்குக் கொண்டுவந்தார். கூடம் கோயில் நடை சாத்தின மாதிரி நிசப்தமானது. வெங்கடரமணன் பொன்ராஜின் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. ஓடிப்போய்ப் பழைய கச்சேரிகளைப் போட்டார். வித்வான்கள் எல்லோரும் சுருதியோடு இருந்தார்கள்.

"ஆஹா! பாத்தியா, ஸ்பீக்கர் மேல தப்பே இல்ல. எர்த்தாலதான். இப்ப கேளு, என்ன சுத்தம், என்ன சுத்தம்!"

பங்கஜம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வெள்ளிக்கிழமை பாடிய சஹானாவைக் கிச்சா மாமாவுக்கு அனுப்பினாள். அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள்.

"கேட்டேன் மாமி," என்றார் கிச்சா மாமா. "இது எப்போ பாடினது?"

"அதுக்கு முன்னாடி. வெள்ளிக்கிழமை. இதத்தான் முதல்ல பாடினேன்."

"அப்போ ஏன் மாமி இத அனுப்பல?"

வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டைக்கு உள்ளே ஒயர் இல்லை என்று சொல்வதா?

"ஸ்லாட்..." என்று இழுத்தாள்.

"நேத்தே நோட்டீஸ் அச்சுக்குப் போயாச்சு மாமி. கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு பொண்ணு. டிக்கெட்டெல்லாம் போட்டுட்டா. இத மொதல்லயே அனுப்பியிருந்தேள்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

உள்ளே வந்தாள். வெங்கடரமணன் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பாட்டை நிறுத்தினாள்.

"என்ன சொன்னார்?"

"நோட்டீஸ் அச்சாயிடுத்தாம்."

"அச்சச்சோ. நான் வேணா பேசட்டுமா? எர்த் ப்ராப்ளம்னு டெக்னிக்கலா எடுத்துச் சொல்றேன்."

"எர்த்த விடுங்கோ. எனக்கு ஒண்ணு சொல்லுங்கோ. என் காது சரியா, தப்பா?"

"அதான் சொல்றேனே, இந்தப் பழைய வயரிங்..."

"வயரிங்க நான் கேக்கல. எனக்குப் பிடிக்கலன்னு சொன்னேன். உள்ளது என்னங்கறதுதான் கேள்வின்னேள். உள்ளது என்ன?"

அவர் பெட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்கள் தப்பை எழுதிக் கையெழுத்து வாங்கியவர். தன் தப்பை எழுதிப் பழக்கமில்லை.

"சரி," என்றார்.

"என்ன சரி?"

"உன் காது சரி."

"பெட்டி?"

"பெட்டி... அந்த நெலமைல பெட்டி சொன்னது..."

"பெட்டி?"

"தப்பு."

அவள் எதிர்பார்த்தது அந்த வார்த்தைதான். வந்தது. வந்தும் மனசு ஆறவில்லை. டிசம்பர் இருபத்துமூன்று, மத்தியானம் ஒண்ணரை மணிக்கு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேடையில் உட்காரவா முடியும்?

"அடுத்த வருஷம் இருக்கே," என்றார் அவர் சின்னக் குரலில்.

"அடுத்த வருஷம் எனக்கு அறுபது. தொண்டை என்ன, நீங்க வாங்கிண்டு வந்த பெட்டியா, பின்னாடி திருகி வெச்சுக்க?"

நாற்காலியை நகர்த்தச் சொன்னாள். அவர் நகர்த்தினார். பங்கஜம் தரையில் உட்கார்ந்து, நாலு டேப்பையும் நகத்தால் நெருடி நெருடி உரிக்க ஆரம்பித்தாள். பசை விட்டுக்கொடுக்கவில்லை. பாதி வந்தது, பாதி தரையோடு ஒட்டிக்கொண்டு அழுக்கேறிக் கறுப்பாக நின்றது. அவளும் எழுந்திருக்கவில்லை.